விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது? ஆளுங்கட்சிக்குள் பிளவு வரும்போது கையில் இருக்கும் வழிகள்

2014 பிப்ரவரியில் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் முதலமைச்சர் கிரண்குமார் ரெட்டி. எதிர்க்கட்சித் தலைவர் சந்திரபாபு நாயுடு. இரண்டு பேருமே எங்கள் சித்தூர் மாவட்டத்துக்காரர்கள். ஒருவர் பீலேரு தொகுதி, இன்னொருவருக்குச் சொந்த ஊர் நாராவாரிப்பள்ளி. மாநிலத்தைப் பிரிக்கும் மசோதா வந்தபோது முன்னவர் தன் காங்கிரஸ் கட்சித் தலைமையையே எதிர்த்து முதலமைச்சர் பதவியைத் தூக்கிப் போட்டார். பின்னவர் தெலங்கானாவும் சீமாந்திராவும் (கடலோர ஆந்திரமும் ராயலசீமாவும்) தனக்கு இரண்டு கண்கள் என்று சொல்லி நழுவிக்கொண்டே இருந்தார். அப்புறம் மூன்று மாதத்துக்குள் தேர்தல் முடிந்தது. கிரண் தொடங்கிய புதுக் கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை. நாயுடு முதலமைச்சர் ஆனார்.

இதைச் சொல்லி, "நின்னவன் போனான், நழுவினவன் ஜெயிச்சான்" என்று நகரி, புத்தூர் டீக்கடைகளில் இன்றைக்கும் பேசுவார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. நழுவுவது எதிர்க்கட்சிக்கு மட்டும் கிடைக்கிற வசதி. ஆட்சியில் இருப்பவர்கள் என்றைக்காவது ஒருநாள் மசோதாவை மேசையில் வைத்தாக வேண்டும், அல்லது வைக்க மாட்டோம் என்று சொல்லியாக வேண்டும். ஊரை இரண்டாக்கும் பிரச்சினைகள் எதிர்க்கட்சிகளைவிட ஆளுங்கட்சிகளையே அதிகம் உடைப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, அப்படி ஒரு பிரச்சினை வந்துவிட்டால் ஆளுங்கட்சித் தலைமை என்னதான் செய்யலாம்? உலகம் முழுக்கப் பார்த்தால் வழிகள் அதிகமில்லை. கொறடா உத்தரவு போட்டு எல்லோரையும் ஒரே பக்கம் ஓட்டுப் போட வைக்கலாம். அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம். நேராக மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தலாம். கமிட்டி போட்டுத் தள்ளிப்போடலாம். இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு நடுவரிடம் கொடுத்துவிடலாம். இதில் எது நல்ல வழி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும், ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் ஓடுகிறதா? ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் நடுவில் ஓடுகிறதா? இல்லை, மேலே இருக்கும் இரண்டு தலைவர்களுக்கு நடுவிலா? இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

எல்லை ஊர்க்காரர்களான எங்களுக்கு இரண்டாவது வகை நன்றாகத் தெரியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தெலங்கானா விஷயத்தில் காங்கிரஸ் மேலே சொன்ன வழிகளில் இரண்டை, அதுவும் தவறான வரிசையில், முயன்று பார்த்தது. 2009 தேர்தலில் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 42 மக்களவைத் தொகுதிகளில் 33 அதன் கையில். அதே ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். நவம்பரில் தனித் தெலங்கானா கேட்டு சந்திரசேகர ராவ் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, உள்துறை அமைச்சராக இருந்த நம் ப.சிதம்பரம் தெலங்கானா அமைக்கும் வேலை தொடங்கும் என்று அறிவித்தார். சீமாந்திரப் பக்கம் எம்எல்ஏக்கள் கட்சி பேதமில்லாமல் ராஜினாமா கடிதங்களை நீட்டினார்கள். டிசம்பர் 23-இல் இன்னும் பேச வேண்டியிருக்கிறது என்று அரசு பின்வாங்கியது. அப்புறம்தான் ஓய்வுபெற்ற நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் கமிட்டி. 2010 பிப்ரவரியில் அமைத்து, டிசம்பர் கடைசியில் அறிக்கை வந்தது. அதில் ஆறு யோசனைகள். ஒன்றாகவே இருந்து தெலங்கானாவுக்குச் சட்டப்படி ஒரு பிராந்தியக் குழு அமைப்பதே நல்லது, அது முடியாவிட்டால் பிரிப்பது என்பது அதன் சாரம்.

கமிட்டி போடுவதில் தப்பில்லை. வாக்குறுதி கொடுத்துவிட்டு அதன் பிறகு போட்டதுதான் தப்பு. அறிவிப்பு வராத நிலையில் கமிட்டி போட்டிருந்தால் இரண்டு பக்கமும் நம்பிக்கையோடு காத்திருப்பார்கள். அறிவிப்புக்குப் பின் போட்டதால் தெலங்கானாக்காரருக்கு அது துரோகமாகத் தெரிந்தது, எங்கள் பக்கத்தவருக்குக் கொஞ்சம் அவகாசமாகத் தெரிந்தது. ஒரே கமிட்டி இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அர்த்தம் கொடுத்தால் கட்சிக்காரன் எந்த அர்த்தத்தைத் தொகுதியில் போய்ச் சொல்வான்?

கடைசியில் 2013 ஜூலை 30-இல் காங்கிரஸ் காரியக் கமிட்டி பிரிப்பது என்று தீர்மானித்தது. எங்கள் பக்கம் சமைக்கியாந்திரா போராட்டம் வெடித்தது. அரசு ஊழியர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் வேலைக்குப் போகவில்லை. அரசுப் பேருந்துகள் நின்றன. திருத்தணிக்கும் நகரிக்கும் அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் மாநிலத்தைப் பிரிக்க வேண்டாம் என்று தெலுங்கில் நடந்த அந்தப் போராட்டத்தில் தமிழ் பேசும் தறிக்காரர்களும் நின்றார்கள் என்பது தமிழ்நாட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் பிள்ளை எந்த மொழி பேசினாலும் பிள்ளைதானே.

இந்தக் கட்டத்தில்தான் தலைமை கொறடாவை நம்பியது. காங்கிரஸ் முதலமைச்சரே சட்டமன்றத்தில் மசோதாவை நிராகரிக்கும் தீர்மானம் கொண்டுவந்து 2014 ஜனவரி 30-இல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார். சீமாந்திர காங்கிரஸ் எம்பிக்கள் ஆறு பேர் தங்கள் அரசின் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்து, பிப்ரவரியில் கட்சியை விட்டு நீக்கப்பட்டார்கள். அதில் ஒருவர் எங்களுக்குப் பக்கத்து ராஜம்பேட்டை எம்பி. இன்னொருவர் அவைக்குள்ளேயே மிளகு ஸ்பிரே அடித்தார். பிப்ரவரி 18-இல் மக்களவையிலும் 20-இல் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது, எதிர்க்கட்சியான பாஜகவின் ஆதரவோடு.

நாடாளுமன்றத்தில் ஜெயித்தார்கள். தேர்தலில்? பிரிந்த ஆந்திரத்தில் 175 சட்டமன்ற இடங்களில் சைபர், 25 மக்களவை இடங்களில் சைபர். பிரித்துக் கொடுத்த தெலங்கானாவிலும் 119-இல் 21தான். ஆந்திரத்தில் அந்தச் சைபர் 2019-இலும் மாறவில்லை, 2024-இலும் மாறவில்லை. எங்கள் தெருவில் தறி போட்டிருக்கும் சித்தப்பா ஒருவர் அந்தக் காலத்துக் காங்கிரஸ்காரர். 2014-இல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவரிடம் கேட்டேன். "கையைத் தவிர வேற எதையும் அமுக்கினதில்லடா. இந்தத் தடவ வெரலே அங்க போகல" என்றார்.

இதே கதை 1846-இல் இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. தானிய இறக்குமதி வரியை எடுக்க பிரதமர் ராபர்ட் பீல் முடிவு செய்தார். அவருடைய கன்சர்வேட்டிவ் எம்பிக்களில் பெரும்பாலோர் நிலக்கிழார்களின் பக்கம். எதிர்க்கட்சியின் ஓட்டோடு சட்டம் நிறைவேறியது, அடுத்த சில மணி நேரத்திலேயே அவர் அரசு வேறொரு மசோதாவில் தோற்றது. கட்சி உடைந்தது. கன்சர்வேட்டிவ்கள் மறுபடி அறுதிப் பெரும்பான்மை பார்க்க 1874 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது வருடம் கழித்து, 1886-இல், அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுக்க லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டன் முயன்றபோது 93 லிபரல்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். மசோதா 30 வாக்கில் தோற்றது. அடுத்த இருபது வருடத்தில் லிபரல்கள் ஆட்சியில் இருந்தது மூன்று வருடம்தான். சரியான காரியத்தைச் செய்தார்களா என்பது வேறு கேள்வி. பீல் செய்தது சரி என்றுதான் நான் நினைப்பேன். ஆனால் பகுதி சார்ந்தோ தொழில் சார்ந்தோ விரிசல் ஓடும்போது கொறடா அவைக்குள் ஓட்டை மட்டும்தான் பிடித்து வைக்கும்.

நம் நாட்டில் இதில் இன்னொரு சிக்கல். 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடாவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகும். முன்பு மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பிக்கலாம், 2003 திருத்தத்தில் அந்த வழியும் அடைபட்டது. இங்கிலாந்தில் 2019 செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் 21 எம்பிக்களைக் கட்சியை விட்டு நீக்கியபோது அவர்கள் எம்பி பதவியோடுதான் வெளியே போனார்கள். இங்கே அதிருப்தி உள்ளவனுக்குச் சின்னச் சின்னதாக எதிர்க்க வழி இல்லை. ஒன்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு போக வேண்டும். பிளவைத் தடுக்க வந்த சட்டம், வருகிற பிளவைப் பெரிதாக்குகிறது என்பது என் எண்ணம்.

அப்படியானால் பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே ஓடும் விரிசலுக்கு எதுதான் வழி? எங்கள் ஊர் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுக்க ஆந்திரத்தோடு போனது. திருத்தணியைக் கேட்டு ம.பொ.சி. போராடினார். சென்னை, ஆந்திரம் இரண்டிலும் அப்போது காங்கிரஸ் ஆட்சி. சென்னையில் காமராஜர், ஆந்திரத்தில் சஞ்சீவ ரெட்டி. ஒரே கட்சியின் இரண்டு முதலமைச்சர்கள் ஒரே ஊர்களுக்காக மோதிக்கொள்ள வேண்டிய நிலை. அவர்கள் எச்.வி.படாஸ்கரை நடுவராக ஒப்புக்கொண்டார்கள். கிராமத்தை அலகாக வைப்பது, பேசும் மொழியைப் பார்ப்பது, தொடர்ச்சியான நிலப்பரப்பாக இருக்க வேண்டும் என்பது மாதிரியான அளவுகோல்கள் இருந்தன. அவர் சொன்னது 1959-இல் நாடாளுமன்றச் சட்டமாகி, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. நகரி வரவில்லையே என்ற ஆதங்கம் என் தாத்தா தலைமுறைக்குக் கடைசி வரை இருந்தது. இருந்தாலும் இரண்டு பக்கமும் காங்கிரஸ் உடையவில்லை. ஒரு முதலமைச்சர் தன் ஊரில் போய், "நான் விட்டுக்கொடுக்கவில்லை, நடுவர் சொல்லிவிட்டார்" என்று சொல்ல முடிந்தது. அரசியலில் அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று 2014-இல் தெரிந்தது.

பார்வைக்குப் படாஸ்கரும் ஸ்ரீகிருஷ்ணாவும் ஒன்றுபோலத்தான். இருவருமே வெளியாள், இருவருமே அறிக்கை கொடுத்தவர்கள். ஆனால் படாஸ்கரிடம் போகும்போது எல்லையை மாற்றியே தீருவது, எங்கே என்பதை மட்டும் அவர் சொல்லட்டும் என்று இருந்தது. ஸ்ரீகிருஷ்ணா ஆறு யோசனைகளைக் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். முடிவெடுக்கும் பாரம் திரும்பவும் கட்சியின் தலையிலேயே வந்து உட்கார்ந்தது.

இதிலேயே இன்னொரு வகை, எழுதி வைத்துவிட்டு மறந்துபோகும் உடன்பாடு. 1956 பிப்ரவரியில் ஆந்திர, தெலங்கானா காங்கிரஸ் தலைவர்கள் டெல்லியில் செய்துகொண்ட பெருந்தகையாளர் ஒப்பந்தம் அப்படிப்பட்டது. முதலமைச்சர் ஒரு பகுதி என்றால் துணை முதலமைச்சர் இன்னொரு பகுதி என்று அதில் இருந்தது. முதல் அமைச்சரவையிலேயே துணை முதலமைச்சர் கிடையாது. 1969-இல் தெலங்கானா முதல் முறை பற்றி எரிந்ததற்கு அந்த ஒப்பந்தம் மீறப்பட்டதே பெரிய காரணம். படாஸ்கர் சொன்னதற்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது, இதற்குக் கிடைத்தது கையெழுத்து மட்டும்தான்.

முதல் வகை விரிசலுக்கு வருவோம். ஒரே வீட்டில் அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் என்று நிற்கும் பிரச்சினைகள்: மரண தண்டனை, கருக்கலைப்பு, திருமணச் சட்டம் போன்றவை. இவற்றில் எந்தப் பகுதியும் மொத்தமாகத் தோற்பதில்லை. அதனால் மனசாட்சிக்கு விடுவது நன்றாகவே வேலை செய்கிறது. 2017 ஜூன் கடைசியில் ஜெர்மனியில் தன்பாலினத் திருமணம் பற்றி பிரதமர் மெர்க்கல் அதைத்தான் செய்தார். தேர்தலுக்கு மூன்று மாதம்தான் இருந்தது, கூட்டணிக்கு வரக்கூடிய கட்சிகள் எல்லாம் இதையே நிபந்தனையாக வைத்தன. உறுப்பினர்கள் அவரவர் மனசாட்சிப்படி முடிவெடுக்கட்டும் என்று அவர் சொன்ன சில நாட்களிலேயே ஓட்டெடுப்பு. 393-க்கு 226. அவர் அணியிலிருந்தே 75 பேர் ஆதரித்தார்கள், அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். கட்சி உடையவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டுக்கொண்டே வழிவிட்டது தந்திரமா, நேர்மையா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மனசாட்சி என்ற பெயரில் வேறு ஒன்றும் நடக்கும். 1969 குடியரசுத் தலைவர் தேர்தல் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. அவரது வேட்பு மனுவில் கையெழுத்துப் போட்ட இந்திரா காந்தியே மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார், வி.வி.கிரி ஜெயித்தார். நவம்பரில் இந்திராவைக் கட்சி நீக்கியது. இண்டிகேட் (இந்திரா அணி), சிண்டிகேட் (மூத்த தலைவர்கள் அணி) என்று கட்சி இரண்டானது, காமராஜர் சிண்டிகேட் பக்கம் நின்றார். அங்கே விரிசல் மனசாட்சியில் ஓடவில்லை, யார் தலைமை என்பதில் ஓடியது. வங்கி தேசியமயம், குடியரசுத் தலைவர் எல்லாம் அந்தச் சண்டைக்குக் கிடைத்த மைதானங்கள்.

கேரளத்தில் 2014-இல் நடந்த மதுக்கடைச் சண்டையும் இந்த மூன்றாவது வகைதான். தரமில்லை என்று 418 பார்களின் உரிமம் புதுப்பிக்கப்படாமல் நின்றது. அவற்றைத் திறக்கலாம் என்று உம்மன் சாண்டி அரசுக்குள்ளே ஒரு தரப்பு, கூடவே கூடாது என்று மாநில காங்கிரஸ் தலைவர் சுதீரன். மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் சாண்டி ஆகஸ்டில், மிச்சமிருந்த 312 பார்களையும் சேர்த்து, ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர எல்லாவற்றையும் மூடுவதாக அறிவித்து சுதீரனைத் தாண்டிப் போய்விட்டார். ஒருவர் ஒரு படி ஏறினால் இன்னொருவர் இரண்டு படி. முடிவு கொள்கையாகவும் இல்லை, சமரசமாகவும் இல்லை. அப்புறம் பார் லஞ்சப் புகார் கிளம்பி நிதி அமைச்சர் மாணி ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. 2016-இல் ஆட்சி போனது, 2017-இல் அடுத்த அரசு கொள்கையையே மாற்றியது. இந்த வகை விரிசலுக்குக் கமிட்டி, வாக்கெடுப்பு எதுவும் உதவாது. யார் தலைவர் என்பதைக் கட்சி முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் பிரச்சினைக்கு வர வேண்டும்.

அதே கேரளத்தில், தமிழர்களும் வாழும் மலைப்பகுதியான இடுக்கியில், இன்னொரு பாடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கக் கட்டுப்பாடுகள் சொன்ன காட்கில் அறிக்கையை அந்தத் தொகுதி காங்கிரஸ் எம்பி பி.டி.தாமஸ் ஆதரித்தார். மலையில் நிலம் வைத்திருப்பவர்களும் சர்ச்சும் கொதித்தார்கள். 2014-இல் அவருக்குச் சீட் இல்லை. அப்படியும் தொகுதி காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. இடதுசாரி ஆதரவோடு நின்ற சுயேச்சை ஜாய்ஸ் ஜார்ஜ் ஜெயித்தார். ஆளைப் பலி கொடுத்தால் விரிசல் மூடிவிடும் என்று நினைப்பது எவ்வளவு வீண் கணக்கு!

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1954 ஆகஸ்டில் திருவிதாங்கூர்-கொச்சியில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை ஆட்சி. தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டம், புதுக்கடைப் பக்கம் போலீஸ் சுட்டது. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியா, சொந்தக் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை. அவர் வெளியேறியதும் 1955 முடிவில் புது சோஷலிஸ்ட் கட்சி பிறந்ததும் அதன் தொடர்ச்சி. நாட்டில் வேறு எந்தக் கட்சியும் தமிழனைச் சுட்டதற்காக இப்படி உடைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வாக்கெடுப்பு மிச்சம். 1975-இல் ஐரோப்பியச் சமூகத்தில் இருப்பதா என்று பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் மக்களிடம் கேட்டார். அவர் அமைச்சரவையில் ஏழு பேர் வெளிப்படையாக எதிர்த்துப் பிரசாரம் செய்ய அனுமதித்தார். 67 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். தொழிற்கட்சி தற்காலிகமாகத் தப்பித்தது. ஆனால் 1981-இல் நான்கு முன்னாள் அமைச்சர்கள் பிரிந்து போனதற்கு ஐரோப்பாவும் ஒரு காரணம். அதே கருவியை 2016-இல் பிரதமர் கேமரூன் எடுத்தபோது, வெளியேறலாம் என்று 52-க்கு 48 வந்து கையைச் சுட்டது. வில்சனுக்கு முடிவு எப்படி வந்தாலும் சமாளிக்கும் எண்ணம் இருந்தது, கேமரூன் ஒரு முடிவை மட்டுமே எதிர்பார்த்திருந்தார்.

நம் நாட்டில் பொது வாக்கெடுப்பு இல்லை என்பார்கள். ஆனால் கோவாவில் நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தோடு சேர வேண்டும் என்பதே ஆளுங்கட்சியான மகாராஷ்டிரவாதி கோமாந்தக்கின் கொள்கை. நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு 1967 ஜனவரி 16-இல் மக்கள் கருத்தைக் கேட்டது. வாக்கெடுப்பு நியாயமாக நடக்க முதலமைச்சர் பண்டோட்கர் முன்கூட்டியே பதவி விலகினார். இணைப்பு சுமார் 34,000 ஓட்டில் தோற்றது. இரண்டே மாதத்தில் நடந்த தேர்தலில் அதே பண்டோட்கர் திரும்ப ஜெயித்தார்! கொள்கைக்கு ஒரு ஓட்டு, ஆட்சிக்கு ஒரு ஓட்டு என்று மக்கள் தனித்தனியாகப் போட்டார்கள். தெலங்கானாவுக்கு இது பொருந்தியிருக்குமா? பொருந்தாது. ஒன்றுபட்ட மாநிலத்தில் மொத்த ஓட்டெடுத்தால் தெலங்கானா சிறுபான்மை, அங்கே மட்டும் எடுத்தால் முடிவு முன்பே தெரிந்தது. பகுதி விரிசலில் யாருக்கு ஓட்டு என்பதே சண்டையாகிவிடும்.

எங்கள் ராயலசீமாவில் அடுத்த பிரச்சினை நீதிமன்றம். 1937-இல் சென்னை மயிலாப்பூரில் ஸ்ரீபாக் வீட்டில் கடலோரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் செய்த ஒப்பந்தத்தில், தலைநகர், உயர்நீதிமன்றம் இரண்டில் ஒன்று எங்களுக்கு என்று இருந்தது. 1953-இல் கர்னூல் தலைநகரானது அதனால்தான். இப்போது தலைநகராக அமராவதியைக் கட்டும் நாயுடுவின் தெலுங்கு தேசம் அரசு, கர்னூலில் உயர்நீதிமன்றக் கிளை வேண்டும் என்று 2024 நவம்பரில் சட்டமன்றத் தீர்மானம் போட்டிருக்கிறது. சீமையிலும் கடலோரத்திலும் எம்எல்ஏக்கள் வைத்திருக்கும் கட்சிக்கு வேறு வழியும் இல்லை. சின்ன அளவில் 2022-இல் முந்தைய அரசும் இதே விதமாகத்தான் நடந்தது. 13 மாவட்டங்களை 26 ஆக்கியபோது, ஒரே தொகுதிக்குள் இருந்த புத்தூரையும் வடமாலப்பேட்டையையும் திருப்பதி மாவட்டத்துக்குக் கொடுத்து நகரியைச் சித்தூரிலேயே வைத்தது. முணுமுணுப்போடு போனது.

ஆனால் தீர்மானம் வேறு, கிளை வேறு. மத்திய அரசும் உயர்நீதிமன்றமும் சம்மதித்து, கட்டடமும் நீதிபதிகளும் கர்னூலுக்கு வரும் தேதி கெசட்டில் ஏறும் வரை, சீமையின் ஆளுங்கட்சி எம்எல்ஏக்களுக்குத் தொகுதியில் சொல்ல ஒன்றுமில்லை. அமராவதியில் கட்டடங்கள் எழும்பி முடிவதற்குள் அந்தத் தேதி வர வேண்டும்.